உரம் விற்றவரின் தோட்டம்

குஜராத்தின் கடலோரத்தில் 14 ஏக்கர் குடும்ப நிலத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் சீர்படுத்தினார் பாஸ்கர் ஸாவே. அதில் அவர் புதிதாகச் சேர்த்தவற்றைவிட நிறுத்திக்கொண்டவையே அதிகம்.

மும்பையிலிருந்து சூரத் நோக்கிப் போகும் ரயில் டஹாணு ரோடைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே சப்போட்டா மரங்கள் ஆரம்பித்துவிடும். கோல்வட் வரை மகாராஷ்டிரம். அதைத் தாண்டி உம்பர்காவ் ரோடு வந்தால் குஜராத். 1987-88-ல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாடெங்கும் தெருக்களைக் காலி செய்த ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' படமாக்கப்பட்டது இந்த ஊர்ப் பக்கம்தான். ஸ்டுடியோவில் அயோத்தியும் லங்கையும் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், தேஹ்ரி என்ற பக்கத்துக் கடலோர கிராமத்தில், செட் எதுவும் போடாமலே ஒரு காடு எழும்பியிருந்தது. அதற்கு வைத்திருந்த பெயரும் புராணப் பெயர்தான்: கல்பவிருட்சம்.

மொத்தம் 14 ஏக்கர். அதில் சுமார் 10 ஏக்கர் தோப்பு. தென்னையும் சப்போட்டாவும் பிரதானம். சுமார் 2 ஏக்கரில் நெல், பருப்பு வகைகள், குளிர்காலத்தில் கோதுமை. மீதி இடத்தில் தென்னங்கன்று நாற்றங்கால். காகிதத்தில் பார்த்தால் குஜராத்தின் வல்சாட் மாவட்டத்தில் ஒரு நடுத்தர விவசாயியின் சொத்து, அவ்வளவுதான். ஆனால் 1997-ல் இங்கே வந்த ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா, உலகம் முழுவதும் பல பண்ணைகளைப் பார்த்திருப்பதாகவும் இதுவே சிறந்தது என்றும், தன் சொந்தப் பண்ணையைவிட இது மேல் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இயற்கை விவசாயம் என்ற சொல்லையே உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் இப்படிச் சொன்ன பிறகு, தேஹ்ரிக்கு வழி கேட்பவர்களின் எண்ணிக்கை கூடியதில் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் தோட்டத்துக்காரர் ஒரு காலத்தில் ரசாயன உரத்தின் ஏஜென்ட்.

ஸாவே பிறந்தது 1922 ஜனவரி 27-ல். நெல்லும் பருப்பும் காய்கறியும் பழமும் விளைவித்துப் பிழைத்த குடும்பம். ஏழு வகுப்பு வரை படித்தார், ஆசிரியர் பயிற்சி பெற்றார், ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அப்பாவுடன் நிலத்திலும் இறங்கினார். சுதந்திரம் வந்த கையோடு நாட்டுக்கு உணவுப் பஞ்சக் கவலையும் வந்தது. சிந்த்ரியில் 1951-ல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு உரத் தொழிற்சாலை அம்மோனியம் சல்பேட்டை மூட்டை மூட்டையாக வெளியே அனுப்பியது. உரம் போட்டால் விளைச்சல் கூடும் என்பது பிரசாரம் மட்டுமல்ல, கண்ணால் பார்த்த உண்மையாகவும் இருந்தது. படித்த, துடிப்பான இளம் விவசாயிகளை இந்த அலை முதலில் தூக்கிக்கொண்டது. ஸாவேயும் அதில் ஒருவர். தானும் போட்டார், மற்றவர்களுக்கும் விற்றார். வட்டாரத்தில் மாதிரி விவசாயி என்று பெயரும் வாங்கினார்.

மாதிரி விவசாயிக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கணக்குப் பார்ப்பது. முந்தின வருஷம் கிடைத்த விளைச்சலை மறுபடி எடுக்க இந்த வருஷம் கூடுதல் உரம் வேண்டியிருந்தது. கூடுதல் உரத்துக்குக் கூடுதல் தண்ணீர். பூச்சி வந்தால் மருந்து. வரவு நின்ற இடத்தில் நிற்க, செலவு மட்டும் ஏறியது. இது சித்தாந்தத்தால் வந்த ஞானம் அல்ல, பேரேட்டிலிருந்து வந்த சந்தேகம். காந்தியும் வினோபாவும் எழுதியவை அவருக்குப் பழக்கமானவைதான். அவர்கள் துணிச்சல் கொடுத்திருக்கலாம். ஆனால் முதல் உறுத்தல் லாப நஷ்டக் கணக்கில்தான் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அவரை 'இயற்கை விவசாயத்தின் காந்தி' என்று அழைத்தவர்கள் இந்த வியாபாரி முகத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டார்கள்.

1960 வாக்கில் அவர் ரசாயன உரத்தைக் கைவிட்டார். அதே காலத்தில்தான் அவர் ஊரின் மாநிலமும் மாறியது. பம்பாய் மாகாணத்தின் தானே மாவட்டத்திலிருந்த இந்தக் கடலோரப் பகுதி, 1960 மே 1-ல் புதிதாகப் பிறந்த குஜராத்துக்குப் போனது. நிர்வாகம் மாறியதை ஊரே அறிந்தது. நிலத்தில் நடந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிய வருஷங்கள் ஆயின.

தமிழில் விவசாயிக்கு உழவர் என்று பெயர். உழாதவரை எப்படி உழவர் என்பது? ஸாவேயின் தோப்பில் ஏர் கிடையாது, டிராக்டர் கிடையாது. காட்டை யார் உழுகிறார்கள் என்பது அவருடைய வாதம். உழுவது, உரமிடுவது, களையெடுப்பது, நீர் பாய்ச்சுவது, மருந்தடிப்பது என்று விவசாயியின் ஐந்து பெரிய வேலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இது உண்மையிலேயே வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். மரப்பயிரில் முதல் வேலை தேவையே இல்லை என்றானது. மற்றவை சுருங்கிக்கொண்டே போயின.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, மண்ணை மூடி வைப்பது. தோப்புக்குள் உதிரும் சருகை யாரும் கூட்டவில்லை, எரிக்கவில்லை. வெட்டிய களை வெட்டிய இடத்திலேயே கிடந்தது. வருஷக்கணக்கில் சேர்ந்த இந்த மெத்தையில் கால் வைத்தால் பஞ்சு போல் அமுங்கும் என்பதை அங்கே போய் வந்த எல்லோருமே எழுதியிருக்கிறார்கள். வெயில் நேராக மண்ணில் விழுவதில்லை. மழைத்துளி மண்ணை அடித்துக் கரைப்பதில்லை. சருகுக்கு அடியில் மண்புழுவுக்கு ஆண்டு முழுவதும் சாப்பாடு. அது தின்று கழிப்பது எரு, அது போய் வரும் வழி மழைநீர் இறங்கும் குழாய். டிராக்டர் செய்யும் வேலையை டீசல் இல்லாமல் செய்யும் கூலியாள் என்று சொல்லலாம். ஒரே நிபந்தனை, அதன் தலையில் உப்பு உரத்தைக் கொட்டக் கூடாது, அதன் வீட்டை வருஷா வருஷம் கலப்பையால் கிளறக் கூடாது.

இங்கே மண்ணை மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. கேட்கச் செழிப்பாக இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட முழுவதும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி எட்டு மாதம் வானம் பார்க்க வேண்டியதுதான். கணக்குப் போட்டால் ஒரு ஏக்கரில் விழும் மழை சுமார் 80 லட்சம் லிட்டர். உழுது, வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் அதில் பெரும்பகுதி மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு கடலுக்கு ஓடிவிடும். பிறகு டிசம்பரில் அதே விவசாயி கிணற்றில் மோட்டாரை இறக்கி அதே தண்ணீரைத் தேடுவார். தன் தோட்டம் நிலத்தடி நீரை எடுப்பதைவிடக் கொடுப்பதே அதிகம் என்று ஸாவே உரிமை கொண்டாடியதற்கு இந்த மெத்தைதான் ஆதாரம்.

பாசனத்தில் அவர் செய்த மாற்றம் எளிமையானது. வழக்கமாக மரத்தடியில் வட்டப் பாத்தி கட்டித் தண்ணீர் நிரப்புவோம். மரம் குழந்தையா, வாயில் ஊற்ற? நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அடிமரத்துக்குப் பக்கத்தில் இல்லை. நிழல் விழும் வட்டத்தின் ஓரத்திலும் அதற்கு அப்பாலும் இருக்கின்றன. அடிமரத்தில் தேங்கும் நீர் அழுகலைத்தான் கொண்டுவரும். ஆகவே மரங்கள் மேட்டில் நின்றன. இரண்டு வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் மட்டும். அதுவும் எல்லா வாய்க்காலிலும் அல்ல. ஈரத்தைத் தேடி வேர் வெளியே வந்தது, பரவியது, மரமும் புயல் காற்றுக்கு உறுதியானது. வேருக்கு வேண்டியது ஈரம், வெள்ளமல்ல என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம்.

எப்போது பாய்ச்சுவது? இதற்குக் கருவி வாங்கவில்லை. தோப்பெங்கும் குரோட்டன்ஸ் செடி வைத்தார். ஆமாம், அரசு அலுவலக வாசலில் அழகுக்கு வைப்பார்களே, அதேதான். அதன் வேர் ஆழம் போகாது. மேல்மண்ணில் ஈரம் குறைந்தால் முதலில் அதன் இலைதான் தொங்கும். தொங்கினால் தண்ணீர் விடலாம். தொங்காவிட்டால் மோட்டார் சுவிட்சுக்கு வேலையில்லை. வேளாண் பல்கலைக்கழகங்கள் ஈரமானி பொருத்திச் செய்வதை ஐந்தாறு வண்ண இலைகள் செய்தன. இதைவிட மலிவான கருவியை இன்னும் யாரும் விற்கவில்லை.

தோப்பு வைக்க நினைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் முதல் பயம், மரம் காய்க்கும் வரை என்ன சாப்பிடுவது என்பதுதான். சப்போட்டாவும் தென்னையும் வருமானம் தர வருஷங்கள் ஆகும். வங்கி வட்டி அவ்வளவு காலம் காத்திருக்காது. ஸாவே பயிர்களை மூன்று ஆயுளாகப் பிரித்தார்: அல்பஜீவி, மத்தியஜீவி, தீர்க்கஜீவி. சில மாதங்களில் முடிந்துபோகும் காய்கறியும் பருப்பும் முதல் ரகம். சில வருஷம் நிற்கும் வாழை, பப்பாளி, சீத்தா இரண்டாவது. தலைமுறைக்கு நிற்கும் தென்னை, சப்போட்டா, மா மூன்றாவது. மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே நிலத்தில் ஏற்றினார். பருப்புச் செடி மண்ணுக்குத் தழைச்சத்து கொடுத்து, வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்து, மறைந்தது. அது விட்ட இடத்தில் வாழை நின்று இளம் சப்போட்டாவுக்கு நிழல் பிடித்தது, பணமும் கொடுத்தது. பெரிய மரங்கள் தலை தூக்கித் தரையெல்லாம் நிழல் விழுந்த பிறகு மற்றவை தாமாக ஒதுங்கின. களையும் அப்படித்தான் குறைந்தது. வெயில் இல்லாத இடத்தில் புல்லுக்கு என்ன வேலை?

ஆனாலும் இது இரண்டு மரத் தோப்பாகச் சுருங்கிவிடவில்லை. பாக்கு, பேரீச்சை, பனை, பலா, மா, முருங்கை, நாவல், கொய்யா, மாதுளை, எலுமிச்சை, பம்ப்ளிமாஸ், இலுப்பை, புளி, வேம்பு, அத்தி, மூங்கில். கீழே கறிவேப்பிலை, துளசி. மேலே ஏறும் மிளகு, வெற்றிலை. ஒரு மரத்தின் பூச்சி அடுத்த மரத்தில் உட்கார இடமில்லாமல் தவிக்கும் கலவை இது. பூச்சியைத் தின்ன வரும் பறவைக்கோ எங்கும் கிளை. மருந்தடிக்கும் வேலை இப்படித்தான் போனது.

நெல் வயலில் நவாபி கோலம் என்ற உயரமான நாட்டு ரகம் போட்டார். குடும்பத்துக்கும் விருந்தாளிகளுக்கும் போதுமான அரிசி. மிஞ்சினால் சொந்தக்காரர்களுக்கு. இந்த உயரத்துக்கு ஒரு பொருளாதாரம் உண்டு என்பதைப் பிறகு பார்ப்போம்.

இனி வம்பான விஷயத்துக்கு வரலாம். விளைச்சல் எவ்வளவு? தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 350 முதல் 400 காய் என்றும், முதிர்ந்த சப்போட்டா மரத்துக்குச் சுமார் 300 கிலோ என்றும் கல்பவிருட்சத்தைப் பற்றி எழுதப்பட்டவை கூறுகின்றன. பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பவரிடம் 400 காய் என்று சொன்னால் மோரைக் கொடுத்து உட்காரவைத்து, வெயில் அதிகமோ என்று விசாரிப்பார். நன்றாகக் கவனித்த மரம் 100 காயைத் தொட்டாலே திருப்திப்படுகிற தொழில் இது. அந்த 400-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு வேறு மண்ணில் திட்டம் போடுவது புத்திசாலித்தனமல்ல. ஸாவே தாய்மரங்களை ஆராய்ந்து தேர்ந்தெடுத்துக் கன்று வளர்த்து விற்றவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய மரங்கள் சராசரி மரங்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த எண்ணில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மறுபக்கக் கணக்கு அசையாது. உரத்துக்குச் செலவில்லை, மருந்துக்குச் செலவில்லை, உழவுக்குச் செலவில்லை. காய் பறிக்கிற கூலிதான் முக்கியச் செலவு. உர ஏஜென்டாக இருந்தபோது பேரேட்டில் உறுத்திய பத்தி காலியாகிவிட்டது.

சும்மா இருந்தால் இதெல்லாம் நடந்துவிடும் என்று யாராவது நினைத்தால், ஃபுகுவோகாவின் இளமைக் கதை நல்ல எச்சரிக்கை. தாவர நோய் ஆராய்ச்சியாளராக யோகோஹாமாவில் வேலை பார்த்தவர் அவர். வேலையை விட்டுவிட்டு ஷிகோகு தீவில் இருந்த அப்பாவின் பண்ணைக்குத் திரும்பினார். மனிதன் எதுவும் செய்யத் தேவையில்லை என்ற தன் தத்துவத்தை அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பில் பரிசோதித்தார். கவாத்து செய்து பழக்கப்படுத்தியிருந்த மரங்களை அப்படியே விட்டார். கிளைகள் பின்னின, பூச்சி ஏறியது, மரங்கள் பட்டுப்போயின. கைவிடுவது வேறு, இயற்கைக்கு விடுவது வேறு என்று கற்றுக்கொள்ள ஒரு தோப்பையே பலி கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து, 1975-ல், அவருடைய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' வெளிவந்தது. 1988-ல் மகசேசே விருது. ஆனால் ஸாவே அந்தப் புத்தகம் பார்த்துத் தொடங்கியவர் அல்ல. அது வெளிவருவதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே தன் நிலத்தில் உரத்தை நிறுத்தியவர். இரண்டு கிழவர்களும் 1997-ல் சந்தித்தபோது ஒருவர் வேலையை மற்றவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டிருப்பார்கள்.

தோட்டத்துக்கு வெளியே அவரைப் பிரபலமாக்கியது ஒரு கடிதம். 2006 ஜூலை 29 தேதியிட்ட அந்தத் திறந்த கடிதம் கும்பகோணத்துக்காரர் ஒருவருக்கு எழுதப்பட்டது: எம்.எஸ். சுவாமிநாதன். அப்போது அவர் தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவர். விதர்பாவில் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டிருந்த நேரம். 84 வயது ஸாவே, பசுமைப் புரட்சியின் தந்தை என்று கொண்டாடப்படும் விஞ்ஞானியையே மண்ணின் அழிவுக்கும் விவசாயியின் கடனுக்கும் பொறுப்பாளி என்று நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். மரியாதை குறையவில்லை, காரமும் குறையவில்லை.

நெல்லின் உயரம் இங்கேதான் வருகிறது. நாட்டு ரகங்கள் உயரமானவை, வைக்கோல் அதிகம். வைக்கோல் மாட்டுக்குப் போய் எருவாக மண்ணுக்குத் திரும்பும், அல்லது நேராகவே திரும்பும். குட்டை ரகங்கள் தானியத்தைக் கூட்டி வைக்கோலைக் குறைத்தன. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பங்கு அறுந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மூட்டை உரம் வேண்டியிருந்தது என்பது அவர் வாதம். கரும்பையும் விடவில்லை. ஒரு ஏக்கர் கரும்பு குடிக்கும் நீரில் 25 ஏக்கர் சோளமோ கம்போ விளைவிக்கலாம் என்று கணக்குக் காட்டினார். தண்ணீர்ப் பஞ்சம் இயற்கை தந்தது அல்ல, பயிர்த் தேர்வு தந்தது என்றார்.

சுவாமிநாதன் பதில் எழுதினார். ஸாவேயின் பணியைத் தான் நெடுநாளாக மதித்து வருவதாகவும் அவருடைய யோசனைகளைக் கவனத்தில் கொள்வதாகவும். நாகரிகமான பதில். ஆனால் விஞ்ஞானியின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். 1965-66-ல் இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி சுமார் 7.2 கோடி டன். 1966-ல் சுமார் ஒரு கோடி டன் தானியத்தைக் கப்பலில் இறக்கி ரேஷன் கடையை ஓட்டிய நாடு இது. அதே ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்ததுதான் திருப்புமுனை. 2023-24-ல் உற்பத்தி 33 கோடி டன்னைத் தாண்டியது. பட்டினிச் சாவைத் தள்ளிப்போட்ட அந்தக் கணக்கை ஸாவேயின் கடிதம் போதிய அளவுக்கு எதிர்கொள்ளவில்லை. அதேபோல, சுவாமிநாதனை வில்லனாக்குபவர்கள் மறப்பதும் ஒன்று உண்டு. 1968 ஜனவரியில், புரட்சியின் முதல் பெரிய அறுவடைக்கு முன்பே, வாராணசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், மண்ணைப் பேணாத தீவிர சாகுபடியும் கண்மூடித்தனமான பூச்சிமருந்தும் நிலத்தடி நீர்ச் சுரண்டலும் அழிவில் முடியும் என்று எச்சரித்தவரும் அவர்தான். எச்சரிக்கையைக் கேட்க அன்று யாருக்கும் நேரமில்லை. 2023 செப்டம்பர் 28-ல் சுவாமிநாதன் மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

கல்பவிருட்சத்தை நகல் எடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு ஆர்வலர்கள் பதில் சொல்லும் வேகம் சந்தேகம் தருகிறது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர், அதாவது இரண்டே முக்கால் ஏக்கருக்கும் குறைவு. ஸாவேயிடம் இருந்தது அதைப்போல் ஐந்து மடங்கு. மழை 2,000 மில்லிமீட்டர். ராமநாதபுரத்தின் கரிசலிலோ ராஜஸ்தானின் மணலிலோ இந்த மழையைக் கனவில்தான் பார்க்கலாம். ரயில் ஏற்றினால் சில மணி நேரத்தில் மும்பை என்ற மாபெரும் பழச் சந்தை. கூடவே கன்று விற்ற வருமானம். குத்தகை நிலத்தில் அடுத்த அறுவடைக்கே கடன் அடைக்க வேண்டியவனிடம் தீர்க்கஜீவி மரம் நடச் சொல்வது கொடுமை. தோட்டத்தைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கும் வைக்க முடியாது. மூடிய மண், தள்ளிப் பாயும் நீர், மூன்று ஆயுள் பயிர் என்ற மூன்று யோசனைகளை மட்டும் அந்தந்த ஊர் மண்ணுக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளலாம்.

அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கமே உதாரணம் இருக்கிறது. இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே உத்தரவில் தடை விழுந்தது. நெல்லும் தேயிலையும் அடிபட்டன, யாழ்ப்பாணத்திலிருந்து அம்பாறை வரை விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், அந்த ஆண்டு நவம்பருக்குள் அரசு பின்வாங்கியது. ஒரு குடும்பம் தன் நிலத்தில் ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்ததை ஒரு நாடு ஒரு பருவத்தில் செய்யப் பார்த்தது.

டெல்லி இன்னும் நிதானமாக, சொல்லப்போனால் அளவுக்கு மீறிய நிதானத்தோடு நடக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை இயற்கை விவசாயத்துக்குத் தேசிய இயக்கம் ஒன்றை அனுமதித்தது. ரூ. 2,481 கோடி, ஒரு கோடி விவசாயிகள், 7.5 லட்சம் ஹெக்டேர். நாட்டில் பயிராகும் நிலம் சுமார் 14 கோடி ஹெக்டேர் என்பதால் இது அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். 2024-25-ல் மட்டும் உர மானியம் ரூ. 1.5 லட்சம் கோடிக்கு மேல். எந்தக் கையில் காசு இருக்கிறது என்று பார்த்தால் அரசின் மனசு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உம்பர்காவைச் சுற்றியுள்ள உலகமும் சும்மா இருக்கவில்லை. ஊரில் தொழிற்பேட்டை வந்தது. வடக்கே சற்றுத் தொலைவில் உள்ள வாபியின் ரசாயன ஆலைகள், அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் 2007-ல் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் அந்த ஊரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. தெற்கே, டஹாணு-கோல்வட் சப்போட்டாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலத்தின் விலை ஏறும் இந்த மாதிரி இடத்தில் 14 ஏக்கரைத் தோப்பாகவே வைத்திருப்பது எந்தக் குடும்பத்துக்கும் தினசரி எடுக்க வேண்டிய முடிவு.

2010-ல் சர்வதேச இயற்கை விவசாய இயக்கங்களின் கூட்டமைப்பு ஸாவேக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. வயது அப்போது 88. சனிக்கிழமைப் பிற்பகல்களில் வருகிறவர்களுக்குத் தோட்டத்தைத் திறந்துவைக்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், வேலையை விட்டு நிலம் வாங்கலாமா என்று யோசிக்கும் பம்பாய்க்காரர்கள் என்று பலரும் வந்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வெகுகாலம் ஆகியும் வாத்தியார் வேலை அவரை விடவில்லை.

2015 அக்டோபர் 24-ல், 93 வயதில், ஸாவே காலமானார். தோட்டம் குடும்பத்தாரின் பொறுப்புக்கு வந்தது. மழை முடிந்து நிலம் காயத் தொடங்கும் மாதம் அது. முதல் தண்ணீர் எப்போது விடுவது என்று குரோட்டன்ஸ் இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய நேரம்.